இன்டர்நெட் டெலிபோன்: மிச்சம் எவ்வளவு? ஆபத்து எவ்வளவு?

உங்கள் வீட்டு டெலிபோனுக்குக் கரண்ட் தேவையா?

இந்தக் கேள்வியைத் தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். "டெலிபோனுக்கு எதுக்கு சார் கரண்ட்?" என்றுதான் பலரும் சொல்வார்கள். கம்ப்யூட்டரோடு நாள் முழுக்கப் பழகுகிற நானே இரண்டு வருடத்துக்கு முன்புவரை இதைப் பற்றி யோசித்ததில்லை. யோசிக்காமல் விட்டதற்கு என் அம்மா விலை கொடுத்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இன்டர்நெட் டெலிபோன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் அதுதான் இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் அதன் லாபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிற அளவுக்கு மறுபக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

அம்மாவின் போன்

அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில், தங்கை அமெரிக்காவில். ஊரில் 1994ல் வந்த டெலிபோன். மனு போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அந்த செம்புக் கம்பி லைனை நான்தான் பேசிப் பேசி மாற்ற வைத்தேன். "மாசா மாசம் வெறும் போனுக்கு வாடகை கட்டுறீங்க. அதே காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா ஃபைபர் பிராட்பேண்ட், இலவச போன், வீடியோவில் பேத்தி முகம் எல்லாம் கிடைக்கும்" என்றேன். அம்மா அரை மனதாகச் சரி என்றார். கம்பெனி ஆட்கள் வந்தார்கள், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்டினார்கள், அதன் பின்னால் போனைச் செருகினார்கள். டயல் டோன் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சென்ற வருடம் ஐப்பசி மழையில் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு அங்கே கரண்ட் போய்விட்டது. மாலை ஆறரை மணி இருக்கும். பின்கட்டில் துணி எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எழுந்திருக்க முடியாமல் நகர்ந்து நகர்ந்தே ஹாலுக்கு வந்து போனை எடுத்திருக்கிறார். டயல் டோன் இல்லை. செல்போனை எப்போதும் சார்ஜ் போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது, "அதான் வீட்டு போன் இருக்கே" என்பார். அதுவும் அணைந்து கிடந்தது.

அதே நேரத்தில் நான் சென்னையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று பதிவு செய்த குரல் வந்தது. மழையில் லைன் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிவி பார்க்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் தீப்பெட்டி கேட்டு வந்ததால் விஷயம் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா திட்டவில்லை. "பழைய போன்னா பேசியிருக்கும்டா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இரண்டு கம்பிக்குள் வந்த கரண்ட்

பழைய டெலிபோன் ஏன் கரண்ட் இல்லாமலும் பேசியது? கரண்ட் இல்லாமல் பேசவில்லை. நம் வீட்டுக் கரண்ட் இல்லாமல் பேசியது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் டி.சி. மின்சாரம் அந்த இரண்டு செம்புக் கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு வரும். மணி அடிப்பதற்கான மின்சாரமும் அதே கம்பியில்தான் வரும். எக்ஸ்சேஞ்சுக்கு கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி இறங்குவதற்குள் ஜெனரேட்டர் ஓடும். அதாவது, லைனுக்கு உயிர் கொடுப்பது டெலிபோன் கம்பெனியின் வேலை. நம் வேலை ரிசீவரை எடுப்பது மட்டும்.

ஃபைபரில் இது நடக்காது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், போனை ஓட்டும் மின்சாரம் போகாது. அந்த வெளிச்சத்தை மறுபடி மின் சிக்னலாக மாற்றும் பெட்டிதான் உங்கள் வீட்டு மோடம். அது உங்கள் வீட்டு பிளக்கில் ஓடுகிறது. பிளக்கில் கரண்ட் போனால் மோடம் அணையும், மோடத்தின் பின்னால் செருகிய போனும் கூடவே அணையும்.

ஆக, மாறியது கம்பி மட்டுமல்ல. லைனை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீட்டு ஹாலுக்கு மாறிவிட்டது. இதை அன்று மோடம் மாட்ட வந்தவர்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வருத்தம் முழுக்க இந்த இடத்தில்தான்.

குரல் எப்படிப் பயணம் செய்கிறது?

லாப நஷ்டக் கணக்குக்குப் போகுமுன் இன்டர்நெட்டில் குரல் எப்படிப் போகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் இதில் தீர்ந்துவிடும்.

டெலிபோன் தரத்தில் உங்கள் குரல் ஒரு நொடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவும் 8 பிட். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட், அதாவது 64 கேபிபிஎஸ். ஜி.711 என்ற முறை இதுதான். இந்த பிட்டுகளை 20 மில்லி செகண்டுக்கு ஒன்று வீதம் சின்னச் சின்ன பாக்கெட்டாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், முகவரி முதலான தலைப்பு 40 பைட்.

ஜி.729 என்ற இன்னொரு முறை குரலை 8 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்குகிறது. அதில் குரல் வெறும் 20 பைட், தலைப்பு அதே 40 பைட். கடிதத்தைவிட உறை கனம்! இப்போது பரவலாக இருக்கும் ஓபஸ் என்ற முறை 2012ல் தரநிலையாக வெளிவந்தது. லைன் நன்றாக இருந்தால் தரத்தைக் கூட்டும், மோசமானால் குறைத்துக்கொள்ளும்.

ஜி.711ல் ஒரு மணி நேரம் பேசினால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 36 எம்பி ஆகும். இன்றைய பிராட்பேண்டுக்கு இது ஒன்றுமே இல்லை. எனவே 'என் நெட் ஸ்பீடு 100 எம்பிபிஎஸ், ஆனாலும் குரல் விட்டு விட்டு வருகிறதே' என்பவர்கள் ஸ்பீடைக் குறை சொல்லிப் பயனில்லை. பாக்கெட்டுகள் சீராக வருகின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று சீக்கிரமும் அடுத்தது தாமதமாகவும் வந்தால் பேச்சு உடைகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வீட்டு வைஃபைதான். மோடத்துக்குப் பக்கத்து அறையில் போய்ப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தாமதமும் ஒரு விஷயம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுகள் இயல்பாக இருக்கும் என்று சர்வதேச தொலைத்தொடர்பு யூனியனின் பரிந்துரை சொல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடல் கேபிள் சுற்றிக்கொண்டு 20,000 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால் பயணத்துக்கே 100 மில்லி செகண்ட் போய்விடும். மீதி 50க்குள் மற்ற எல்லா வேலையும் முடிய வேண்டும். என் தங்கையும் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்று இடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

லாபக் கணக்கு

முதல் லாபம் காசு. இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு ஐ.எஸ்.டி. போட்டால் நிமிடத்துக்குப் பல பத்து ரூபாய் ஓடும். பூத்தில் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே "நல்லா இருக்கியா, நாங்க நல்லா இருக்கோம், வச்சிடட்டுமா?" என்று முடித்த காலம் அது. இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோன் 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. பிரவுசிங் சென்டர்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தியவர்கள் நம்மில் பலர். 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. வாட்ஸ்ஆப்பில் 2015ல் பேச்சும் 2016 நவம்பரில் வீடியோவும் வந்தன. வெளிநாட்டுப் பேச்சுக்கு நிமிடக் கணக்கு பார்ப்பது பெரும்பாலும் ஒழிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் பேச்சில் இந்த லாபம் இப்போது ஏறக்குறைய இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு செல்போன் பிளான்களிலேயே பேச்சு அளவில்லாமல் கிடைக்கத் தொடங்கிவிட்டது. எனவே சென்னையிலிருந்து மதுரைக்கு வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டு 'காசு மிச்சம்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. மிச்சமெல்லாம் வெளிநாட்டுக்குப் பேசும்போதுதான்.

இரண்டாவது லாபம் தரம். பழைய டெலிபோன் லைன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும். அதனால்தான் அதில் 'ச'வும் 'ஃப'வும் குழம்பும், பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். இன்டர்நெட் பேச்சில் 7,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் போகலாம். காது மந்தமான பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. அம்மாவே "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்று சொன்னதுண்டு.

மூன்றாவது, முகம். வாய் பேச முடியாதவர்களும் காது கேளாதவர்களும் வீடியோவில் சைகை மொழியில் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பழைய டெலிபோன் அவர்களுக்கு வெறும் பெட்டி. பேத்தி வளர்வதை வாரா வாரம் பார்க்கும் பாட்டிகளுக்கு இதன் மதிப்பை நான் விளக்கத் தேவையில்லை.

நான்காவது, நம்பர் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை. ஃபைபரோடு வரும் லேண்ட்லைன் நம்பரைச் சில கம்பெனிகள் செல்போன் ஆப்பிலும் தருகின்றன. வீட்டில் அடிக்கும் போனை வெளியூரிலிருந்தும் எடுக்கலாம். அதேபோல வைஃபை காலிங். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இந்தியாவில் இதைத் தொடங்கின. சிக்னல் வராத அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலோரம் நின்று பேசியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஐந்தாவது, ரகசியம். வாட்ஸ்ஆப் பேச்சு 2016 ஏப்ரலிலிருந்து முனைக்கு முனை பூட்டப்பட்டுப் போகிறது. பழைய லைனில் தெருமுனைப் பெட்டியில் ஒரு ஒயரை மாட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

செம்புக் கம்பியை நான் கோவில் கட்டிக் கும்பிடவும் இல்லை. மழை பெய்தால் இரைச்சல், கேபிள் திருட்டு, பள்ளம் தோண்டினால் லைன் டெட். லைன்மேன் வருவாரா என்று வாரக்கணக்கில் வாசலைப் பார்த்திருக்கிறோம். பெரிய புயலில் மரம் விழுந்தால் செம்பும் அறுந்துதான் போகும். நான் சொல்வது சாதாரண கரண்ட் கட்டைப் பற்றி. அதுதானே நமக்கு அடிக்கடி வருவது!

நஷ்டக் கணக்கு

கரண்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, எல்லா முட்டைகளும் ஒரே கூடையில். முன்பு நெட் போனால் போன் இருந்தது, போன் போனால் நெட் இருந்தது. இப்போது ஒரு ஃபைபர் அறுந்தால் நெட், போன், டிவி, கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் போகும். 'நெட் வேலை செய்யவில்லை' என்று புகார் சொல்லக்கூடப் போன் இருக்காது.

மூன்றாவது, அவசர அழைப்பு. வாட்ஸ்ஆப்பில் 108ஐயோ 112ஐயோ கூப்பிட முடியாது. அவசர சேவைகளுக்கு மாற்றாக அதை நம்பக் கூடாது என்று அந்தக் கம்பெனியே தன் நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், பழக்கத்தில் கை அந்தப் பச்சை ஐகானுக்குத்தான் போகும். மகனைக் கூப்பிடலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது.

இன்டர்நெட் நம்பரில் இன்னொரு சிக்கல், அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது. செம்புக் கம்பி என்றால் அது எந்த வீட்டில் முடிகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். இன்டர்நெட் நம்பர் ஊர் ஊராகச் சுற்றும். அமெரிக்காவில் இதனால் நேர்ந்த ஆபத்துகளைப் பார்த்த பிறகு, பொது டெலிபோன் வலையோடு இணைந்த இன்டர்நெட் டெலிபோன் கம்பெனிகள் 911 அவசர அழைப்பைக் கட்டாயம் தர வேண்டும், வாடிக்கையாளரின் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2005ல் உத்தரவு போட்டார்கள். நம் நாட்டில் டிராய் 2017 அக்டோபரில் தந்த பரிந்துரையில் அவசர அழைப்பை அப்போதைக்குக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அதில் உள்ள குறைகளை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றது. தெளிவாக! அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது, கடை மூடும் ஆபத்து. ஸ்கைப்பை ஈபே 2005ல் வாங்கியது, மைக்ரோசாஃப்ட் 2011ல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இன்டர்நெட்டில் பேசுவது என்றாலே 'ஸ்கைப் பண்ணு' என்று சொல்லுமளவுக்குப் பரவியது. இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய நம்பர்களுக்குப் பேசும் வசதியை 2014 நவம்பரில் நிறுத்தியது. கடைசியில் 2025 மே 5ஆம் தேதி ஸ்கைப்பே மூடப்பட்டது. டெலிபோன் நம்பர் என்றால் கம்பெனி மாறினாலும் யாரும் யாரையும் கூப்பிடலாம். ஆப் என்றால் அதே ஆப் வைத்திருப்பவரை மட்டுமே கூப்பிடலாம். ஆப் போனால் உறவுப் பட்டியலே போகும். மூடாவிட்டாலும் படுத்துக்கொள்வதுண்டு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்ஆப் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை.

ஐந்தாவது, மோசடி. இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பில் எந்த நம்பர் தெரிய வேண்டும் என்பதை அனுப்புகிறவர் மாற்றிக் காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தனி அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டும் கும்பல்கள் பயன்படுத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கைப் ஐடிகள் 2024 மே மாதத்தில் முடக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. போலீஸ் உடுப்பில் வீடியோவில் முகம் தெரிந்தால் போலீஸ் என்று நம்பிவிடாதீர்கள். வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது.

4ஜி போனும் இன்டர்நெட் போன்தானே?

சிலர் கேட்கலாம், "4ஜியில் பேசுவதும் ஐபி பாக்கெட்டுதானே, அதில் ஏன் இந்தக் குறைகள் இல்லை?" என்று. நல்ல கேள்வி. வோல்ட்டி என்று சொல்லப்படும் அந்தப் பேச்சும் பாக்கெட்டில்தான் போகிறது. ஆனால் கம்பெனி தன் நெட்வொர்க்கில் குரலுக்கென்று தனிப் பாதை ஒதுக்கி முன்னுரிமை தருகிறது, அவசர அழைப்பையும் கையாள்கிறது. வாட்ஸ்ஆப் பேச்சு எல்லா டேட்டாவோடும் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு போகிறது. ஆகவே குறை 'இன்டர்நெட்' என்ற தொழில்நுட்பத்தில் இல்லை. யார் எதற்குப் பொறுப்பு ஏற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்?

பிரிட்டனிலும் பழைய டெலிபோன் வலையை மூடிக்கொண்டு வருகிறார்கள். 2025 இறுதியில் முடிப்பதாக இருந்தது 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஏன் தெரியுமா? அங்கே தனியாக இருக்கும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பட்டன் மாட்டியிருப்பார்கள். விழுந்தால் அதை அழுத்தினால் டெலிபோன் லைன் வழியாக உதவி மையத்துக்குத் தகவல் போகும். லைனை இன்டர்நெட்டுக்கு மாற்றியபோது சிலருடைய பட்டன் வேலை செய்யாமல் போய், மோசமான சம்பவங்கள் நடந்தன. 2023 டிசம்பரில் அரசாங்கம் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசி, அப்படிப்பட்டவர்களை வலுக்கட்டாயமாக மாற்றுவதை நிறுத்த வைத்தது. கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு போடும் வழி இருக்க வேண்டும், லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்குள்ள ஆஃப்காம் அமைப்பின் வழிகாட்டுதல்.

நம் ஊரில் ஒரு மணி நேரம் போதாது. ஆனால் அந்த எண்ணம் நம் ஊருக்கும் வேண்டும். லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றும்போது, 'கரண்ட் போனால் இந்த போன் வேலை செய்யாது' என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து மோடத்தின் மேல் ஒட்ட எத்தனை காசு ஆகிவிடும்? அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. மோடத்தோடு சிறிய பேட்டரியை விலைக்காவது தர முன்வர வேண்டும். வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

அம்மா வீட்டில் நடந்ததை யோசிக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது எது தெரியுமா? அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது! அன்று அம்மா விழுந்தபோது ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, லைட் எரிந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் லைனை இரண்டு ஃபேனுக்கும் மூன்று லைட்டுக்கும் மட்டும் கொடுத்திருந்தார். டிவி பக்கத்து பிளக்குக்குக் கொடுக்கவில்லை. தெருமுனை வீட்டில் அதே கம்பெனியின் நெட் அன்று மாலை வேலை செய்திருக்கிறது, அவர்கள் மோடம் இன்வெர்ட்டரில் இருந்ததால். ஒரு ஒயரை மாற்றிப் போட்டிருந்தால் அம்மா பேசியிருப்பார்.

நீங்கள் செய்யுங்கள்:

1. மோடம் செருகியிருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். அரை மணி நேர வேலை. மோடம் இழுக்கும் மின்சாரம் ஒரு சின்ன பல்பு அளவுதான்.

2. இன்வெர்ட்டர் இல்லையென்றால் மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. வாங்குமுன் மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் 12 வோல்ட் இருக்கும், எல்லாவற்றிலும் அல்ல. மாற்றிக் கொடுத்தால் மோடம் போய்விடும்.

3. கார்ட்லெஸ் போன் மட்டும் வைத்திருக்காதீர்கள். அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்று இருக்கட்டும்.

4. உங்கள் ஃபைபர் நேராக வீட்டுக்கு வருகிறதா, இல்லை யார் வீட்டு மாடியிலோ இருக்கும் சுவிட்ச் பெட்டி வழியாக வருகிறதா என்று கேளுங்கள். நேராக வரும் ஜிபான் முறையில் வழியில் உள்ள பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை. மாடிப் பெட்டி என்றால் அதற்கும் பேக்கப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் இன்வெர்ட்டரால் பயனில்லை.

5. செல்போனை ஃபைபர் கம்பெனியிலிருந்து வேறு கம்பெனியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பட்டன் போன் ஒன்று போதும், சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும்.

6. 108, 112, பக்கத்து வீட்டு நம்பர் மூன்றையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'இதை வாட்ஸ்ஆப்பில் கூப்பிட முடியாது, சாதாரண காலில்தான்' என்று கீழே எழுதுங்கள்.

கடைசியாக

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள், பகலெல்லாம் பேசுகிறவர்கள், நல்ல ஃபைபர் வரும் ஊரில் இருப்பவர்கள் தாராளமாக மாறலாம். லாபம்தான். ஆனால் வீட்டில் வயதானவர் தனியாக இருந்தால், முதலில் மோடத்துக்குக் கரண்டுக்கு வழி செய்யுங்கள். பிறகு பழைய லைனை ஒப்படையுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றினேன்.

அம்மாவிடம் "பழைய போனே திரும்ப வேணுமா?" என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையோடு கொஞ்ச நேரம் யோசித்தார். "வேண்டாம்டா, அப்புறம் குழந்தை மூஞ்சிய எப்படிப் பாக்கறது? ஆனா கரண்ட் போனா இது பேசாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, செல்லுக்குச் சார்ஜ் போட்டு வச்சிருப்பேன்ல?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். தெரிந்திருந்தால் அவரே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் ஆஃப் செய்யுங்கள். டெலிபோனை எடுத்து, உங்கள் செல்போனுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் நிம்மதி. அடிக்காவிட்டால், மேலே உள்ள பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். ஊரில் பெற்றோர் இருந்தால், அடுத்த முறை போகும்போது அங்கேயும் செய்து பாருங்கள்.